மூன்றாவது கியரும் இரண்டு வளையங்களும்

அக்டோபர் 28, செவ்வாய்

விடியும்போது மழை. ஏழு மணிக்கு நின்றது. சீருடை காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காய வைத்ததில் காலரில் லேசாகத் தீய்ந்த வாசம். அம்மா பார்க்கவில்லை.

நேற்று மாலை காருக்கு அடியில் ஓர் அட்டை வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்ச் சொட்டு ஒன்பது. எல்லாம் ஒரே இடத்தில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. பின்னால் ஒரு சொட்டும் இல்லை.

அப்பா பள்ளியில் இறக்கிவிட்டார். என் வேலை வழக்கம்போல. முன் சீட்டில் உட்கார்ந்து கியர்க் கம்பியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்வது. மூன்றாவது கியர் விழுந்ததும் அப்பா “புடி” என்பார், பிடிப்பேன். மாற்ற வேண்டும் என்றால் “வுடு” என்பார், விடுவேன். பிடிக்காவிட்டால் டக்கென்று கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் மட்டும் கத்தும்.

சவாரி இருக்கும்போது நான் இல்லை. அதற்காகச் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கம்பியிலிருந்து டேஷ்போர்டுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார். போன வாரம் கடற்கரைச் சாலையில் ஏறிய ஒருவர் “இது இன்னாப்பா?” என்று கேட்டாராம். “இது பாண்டிச்சேரி ஆட்டோமேட்டிக்கு சார்” என்றாராம் அப்பா. வீட்டில் சொல்லிச் சிரித்தார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனார்.

ரெஜினா இன்றும் கடைசி பெஞ்சில். (இனி ரெ. என்று எழுதுகிறேன். முழுப் பெயரை எழுதினால் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

கணக்குத் தேர்வு: 41/50. ஒரு கூட்டல் பிழை.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

வரிசையாக எழுதினால் தெளியும் என்று தோன்றுகிறது. எழுதுகிறேன்.

லூர்து மாமா ரெ.யின் அப்பா. மெக்கானிக். முதலியார்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை. எங்கள் தெருவும் அதுதான். அப்பா கார் வாங்கிய நாள்முதல் அவர்தான் பார்த்தார். வேறு யாரும் அதன் மூடியைக்கூடத் திறந்ததில்லை. ரெ.யும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது ஒன்பதாம் வகுப்பு.

செப்டம்பர் கடைசியில் பழைய கியர்பாக்ஸ் உடைந்தது. மாமாவும் அப்பாவும் விழுப்புரம் போய், உடைத்துப் போட்ட கார் ஒன்றிலிருந்து கழற்றிய வேறொரு கியர்பாக்ஸ் வாங்கி வந்தார்கள். மாட்டுவதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது. மாமா வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் வருஷா வருஷம் கொட்டகையில் பூஜை உண்டு, வண்டிக்காரர்கள் கேட்பார்கள் என்று. மாதா படத்துக்கும் சாமந்தி மாலை. ஸ்பேனர், ஜாக்கி, கழற்றி வைத்த சாமான்கள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பது ரெ.யும் நானும்தான். அன்றைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கே வண்டி ஓட வேண்டும் என்று அப்பாவுக்கு. ஒரு கல்யாண சவாரியும் இருந்தது. மாமா காலையிலேயே மாட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் கியர் கழன்றது. அப்பா அவர் வாசலில் போய்க் கத்தினார். தெருவே பார்த்தது.

“ஓட்ட பாக்ஸ எந்தலையில கட்டிட்டியேய்யா லூர்து!”

“பாக்ஸு நல்ல பாக்ஸுண்ணே. கையால சுத்திப் பாத்துதான் வாங்குனேன். ஒருவாட்டி எறக்கிப் பாக்க வுடுங்க.”

“இன்னொருவாட்டி எறக்கி, மிச்சத்தையும் புடுங்கிக்கவா?”

அதன்பின் அப்பா காரை அவரிடம் காட்டவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னார். கொட்டகை முன்னால் இப்போது ஒரு வண்டியும் நிற்பதில்லை. ரெ. கடைசி பெஞ்சுக்குப் போனது அதற்கு அடுத்த வாரம்.

எழுதிவிட்டேன். தெளியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மழைக்காகப் பள்ளி பாதி நாளோடு விட்டார்கள். அப்பாவோடு லாஸ்பேட்டை புது மெக்கானிக்கிடம். ஏற்கெனவே இரண்டு முறை போயாயிற்று. இதுவரை அவர் செய்தது:

கியர் கேபிளை இழுத்து வைத்தது. பலன் இல்லை.
கிளட்ச் கேபிள் மாற்றியது. பலன் இல்லை.
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மாற்றியது. நடுக்கம் குறைந்தது, இரண்டு நாள். பிறகு அதே.

இன்று கியர் ஆயில். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி வடித்தார். நான் குனிந்து பார்த்தேன். தேன் நிறத்தில் சுத்தமாக வந்தது. போல்ட் முனையில் காந்தம் இருக்கிறது. அதிலும் ஒன்றும் ஒட்டவில்லை.

“உள்ள பல்லு தேஞ்சிருக்கும் சார். வேற பாக்ஸு பாத்துக்குங்க” என்றார்.

“அண்ணா, பல்லு தேஞ்சா ஆயில்ல இரும்புத் தூள் வரணும்ல? காந்தத்துல ஒண்ணுமே இல்லியே?” என்று கேட்டேன்.

“பாப்பா இன்னா படிக்குது?”

“ஒம்பதாவது.”

“பத்தாவது முடிச்சிட்டு வா, கடைய உங்கிட்டயே குடுத்துடுறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. திரும்பும்போது “பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “காந்தத்துல ஒண்ணுமே இல்லியா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்படியானால் லூர்து மாமா சொன்னது சரி. கியர்பாக்ஸ் நல்லது. கோளாறு அதற்கு உள்ளே இல்லை, வேறெங்கோ. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. “புடி” என்றார். பிடித்தேன்.

நவம்பர் 1, சனி

விடுமுறை. நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

அப்பா வீராம்பட்டினம்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். நோட்டை எடுத்துக்கொண்டேன். குறிப்புகள்:

1. கிளம்பும்போது கார் உதறுகிறது. கிளட்சை விட விட.
2. கிளட்ச் மிதியில் அப்பாவின் கால் நடுங்குகிறது. கண்ணால் பார்த்தேன்.
3. நிற்கும்போது ‘ஊ’ என்று ஒரு முனகல். கிளட்சை மிதித்தால் நிற்கிறது. விட்டால் மறுபடி.
4. குளிர்ந்திருக்கும்போது ரிவர்ஸ் விழுகிறது. அரைமணி நேரம் ஓடியபின் கரகரப்பு.
5. அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது மூன்றாவது நிற்கிறது. இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே கழல்கிறது. பிடிக்காமல் விட்டுப் பார்த்தோம். நான்கு தடவை பாலம் ஏறி இறங்கினோம். நான்கு தடவையும்.

கேபிள் கோளாறு என்றால் ஏறும்போதும் கழல வேண்டாமா? ஏன் இறங்கும்போது மட்டும்?

கடற்கரையில் காரை நிறுத்தி அப்பா டீ குடித்தார். எனக்குச் சுண்டல். ஒரு மீன்காரம்மா, “இன்னா டிரைவரே, பொண்ணுக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறியா?” என்றார். “இல்லம்மா, அவதான் எனக்குக் கத்துக் குடுக்கிறா” என்றார் அப்பா. சந்தோஷமாக இருந்தது. உடனே ரெ.யிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா: “லூர்து கொட்டாய வுட்டுட்டுப் போறாராம். காரைக்கால்ல மச்சான் பட்டறைக்கு. இந்த மாசமே. செலின் சொன்னா, தண்ணி புடிக்கிற எடத்துல. என் மொகத்தப் பாக்கல. கொடத்தப் பாத்துக்கினே சொன்னா.”

செலின் அத்தை ரெ.யின் அம்மா.

அப்பா துணியை எடுத்தார். காரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் ரெ. வீட்டோடு நானும் போவேன். மெழுகுவத்திப் பொட்டலம் தூக்குவது என் வேலை. அவர்கள் காலையிலேயே நடந்து போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். பொட்டலத்தை ரெ. தானே தூக்கிக்கொண்டு போனாள்.

கழுத்தில் கறுப்புக் கயிறு இல்லை. கழற்றிவிட்டாள்.

என்னுடையது இருக்கிறது. சட்டைக்குள். ஆயுதபூஜை அன்று பலகையிலிருந்து எடுத்த இரண்டு குட்டி இரும்பு வளையங்கள். பழைய சாமான் என்று நினைத்து நான்தான் எடுத்தேன். மண்ணெண்ணெயில் கழுவியதும் வெள்ளி மாதிரி மின்னின. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. “கல்யாணம் ஆனாலும் கழட்டக் கூடாதுடி கோமு” என்றாள். அவள் சொன்னதுதான் அது.

தமிழ்க் கட்டுரை முடிக்கவில்லை. தலைப்பு: மழைநீர் சேகரிப்பு.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. குடை கம்பி உடைந்துவிட்டது.

பள்ளி விட்டதும் நூலகம். பொறியியல் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். மோட்டார் வண்டிகள் பற்றியது. அட்டை பிய்ந்தது. கியர்பாக்ஸுக்குத் தனி அதிகாரம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்.

கோளாறுகளின் பட்டியல் ஒன்று இருந்தது. கிளம்பும்போது உதறல். மிதியில் நடுக்கம். கிளட்சை மிதித்தால் நிற்கும் முனகல். சேரும் இடத்தில் எண்ணெய்க் கசிவு. சுமை குறைந்ததும் கியர் கழல்வது. என் நோட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே காரணம்: எஞ்சினும் கியர்பாக்ஸும் நேர்கோட்டில் இல்லை.

சந்தோஷத்தில் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

பக்கத்தைத் திருப்பினேன். படம்.

எஞ்சினின் முகத்தில், எதிரெதிர் மூலையில், இரண்டு குட்டி வளையங்கள். டவல் (dowel) என்று பெயர். போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்க மட்டுந்தான். போல்ட் ஓட்டை போல்ட்டைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். நேராக நிறுத்துவது இந்த இரண்டு வளையங்கள்தான். இவை இல்லாமல் மாட்டினால் கியர்பாக்ஸ் தன் எடையில் அந்த மயிரிழை அளவு கீழே இறங்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கியர்பாக்ஸைக் கழற்றும்போது இவை தொலைவது வழக்கம், மாட்டுமுன் தடவிப் பார்க்கவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

சட்டைக்குள் கை விட்டேன். வெளியே எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தேன்.

மழை நின்றபிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நூலகர் வந்து புத்தகத்தை என் பேரில் பதிந்து கொடுத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

நவம்பர் 5, புதன்

சொல்லவில்லை.

ஸ்கேலால் அளந்தேன். வெளிவட்டம் பதினான்கு மில்லிமீட்டர். உள்ளே ஒரு போல்ட் போகும் அளவு ஓட்டை. ஓரத்தில் இன்னும் குங்குமம் இருக்கிறது, துரு மாதிரி.

காலையில் அப்பா “புடி” என்றார். பிடித்தேன். கம்பி கைக்குள் துடித்தது. வளையம் என் நெஞ்சில், கம்பி என் கையில்.

சொன்னால்: அப்பா அடிப்பார். அடிக்கட்டும். மாமா என்னை எப்படிப் பார்ப்பார்? பலகையில் பொட்டு வைக்கச் சொல்லி நம்பிக் கொடுத்தார்.

சொல்லாவிட்டால்: எழுத வேண்டியதில்லை.

நாளை முதலில் ரெ.யிடம் சொல்கிறேன். பிறகு அப்பாவிடம்.

மதியம் சாப்பாடு எலுமிச்சை சாதம். கொட்டிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ரெ.யைப் பிடித்தேன். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தேன். அவள் பூட்டைத் திறந்துகொண்டே இருந்தாள், திறந்த பூட்டை.

“ரெஜி, அந்த வளையம் இல்ல... அது...”

“எனக்குத் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“டவலுன்னு தெரியும். உங்கப்பா வந்து கத்திட்டுப் போனாருல்ல, மறுநாளு எங்கப்பா சொவத்துல கரியால வரைஞ்சு வரைஞ்சு பாத்தாரு. எல்லாம் சரியாத்தான மாட்னேன், எங்க தப்புன்னு. ரெண்டு வட்டம் போட்டாரு. டவலு எஞ்சின்லயே ஒட்டிக்கினு இருந்திச்சேன்னாரு. அவரு கழட்டி டிரேல போட்டதே அவருக்கு ஞாபகம் இல்ல.”

“அப்பவே ஏண்டி சொல்லல?”

“எடுத்தது நீ. நான் போயி சொன்னா உன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆவும். நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன். தெனம் காலீல பாத்தேன். நீ முன்னாடி உக்காந்து கியரப் புடிச்சிக்கினு போற. இத்தினி புக்கு படிக்கிறவளுக்கு இது தெரியாதான்னு நெனச்சேன்.”

“சத்தியமா தெரியாது ரெஜி. மாதா சத்தியமா.”

“இப்ப தெரிஞ்சிச்சுல்ல? எப்போ தெரிஞ்சிச்சு?”

“செவ்வாக்கெழம.”

“இன்னைக்கி வியாழன்.”

குனிந்து வலது காலுறையைக் கீழே இறக்கிக் காட்டினாள். கணுக்காலில் கறுப்புக் கயிறு. அதில் வளையம். ஷூ அழுத்தி அழுத்தித் தோல் வட்டமாகச் சிவந்திருந்தது. கழற்றவே இல்லை அவள். ஒரு நாளும்.

காலுறையை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பேசாமல் இருந்தது அப்பாக்களின் சண்டையால் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும்.

நவம்பர் 7, வெள்ளி

அப்பா மாலையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கயிற்றை அறுத்து வளையத்தை பானெட்டின்மேல் வைத்தேன்.

“இன்னா இது?”

சொன்னேன். படத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை.

அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் குழாயை மூடினார். வாசற்படியில் உட்கார்ந்தார். வளையத்தைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்கி அவன் மாட்டுறப்ப தலமேலயே நின்னேன். இரு அண்ணே, ஒருவாட்டி பாத்துக்கிறேன்னான். விஜயதசமி அதுவுமா வண்டி நிக்கக் கூடாது, மாட்டு மாட்டுன்னேன். ஜாக்கிய நானே எறக்குனேன்.”

அம்மா கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“அப்பனும் பொண்ணும் சேந்து அந்த மனுசன் பேரக் கெடுத்து வச்சிருக்கீங்க. எழுந்திருங்க. போயி சொல்லுங்க.”

“காலீல போறேன்.”

“அவ மூணு நாளு மறச்சா. நீங்க ஒரு மாசம். இன்னும் காலீல வேறயா?”

அப்பா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு போனார். நடந்து. அரைமணி நேரம் கழித்து வந்தார். “நாளைக்கு வண்டிய எடுத்தாரச் சொன்னான்” என்றார். வேறு என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

கொட்டகை பாதி காலி. ஸ்பேனர்கள் சாக்கில். மாதா படம் மட்டும் ஆணியில் இருக்கிறது, ஆயுதபூஜை மாலை காய்ந்து சருகாக. சுவரில் கரியால் வரைந்த படம். இரண்டு வட்டங்களும்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பாப்பா, உங்கப்பா சொன்னாரு. காந்தத்துல தூளு இல்லன்னு லாஸ்பேட்டையில கேட்டியாமே?”

“ஆமா மாமா.”

“அத நான் கேட்டிருக்கணும், எங்கிட்ட வண்டி வந்திருந்தா.” பிறகு, “தப்பு எம்மேலயும்தான். மாட்டுறதுக்கு முன்னாடி வெரல வுட்டுத் தடவிப் பாக்கணும். இருவது வருசமாப் பாத்தவன். அன்னைக்கிப் பாக்கல” என்றார்.

திட்டியிருக்கலாம்.

அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார், ஸ்டாண்டுக்குப் போகும் சட்டை. மாமா கோணி விரித்துக் காருக்கு அடியில் நுழைந்ததும் அப்பாவும் மறுபக்கம் படுத்து நுழைந்தார்.

“அண்ணே, சட்டை.”

“நீ கழட்டு. நான் தாங்கிக்கிறேன்.”

கியர்பாக்ஸ் இறங்கும்போது அதன் எடையை அப்பா இரண்டு கையாலும் நெஞ்சாலும் தாங்கினார். எண்ணெய் சட்டையில் ஊற்றியது. இருவரும் பேசியது இவ்வளவுதான்: “மெதுவா.” “ஆங்.” “இன்னும்.” “போதும்.”

இறக்கியபின் மாமா காட்டினார். எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, பிறை மாதிரி. மறுபக்கம் புதுசு போல. சேரும் ஓரங்களில் ஒன்றோடொன்று உராய்ந்த பளபளப்பு, கீழ்ப்பக்கம் மட்டும். டவல் உட்காரும் பள்ளம் இரண்டும் வெறுமையாக இருந்தன. “வெரல வை” என்றார். வைத்தேன். என் சுண்டுவிரல் சரியாக உள்ளே போனது.

என் வளையத்தைக் கொடுத்தேன். அதைத் துடைத்து மேல் மூலையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினார். மூன்று தட்டு. உட்கார்ந்தது.

“ரெஜினா!” என்று கூப்பிட்டார்.

வீட்டுப் பக்கமிருந்து வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. தன் அப்பா முன்னால் வாசலில் உட்கார்ந்து, பிளேடு எடுத்துக் கணுக்கால் கயிற்றை அறுத்தாள். வளையத்தை மாமாவிடம் கொடுத்தாள். கயிற்றை எண்ணெய்த் துணி போடும் டின்னில் போட்டாள். என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டாள்.

கீழ் மூலை. மூன்று தட்டு.

புது சீல் போட்டு மாட்டி முடித்ததும் மாமா இரண்டும் சேரும் கோட்டின்மேல் விரல் நகத்தை ஓட்டினார். ஒரு முழுச் சுற்று. நகம் எங்கும் தடுக்கவில்லை. “பாருங்கண்ணே” என்றார். அப்பாவும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார்.

“லூர்து, இங்கயே இருந்துடு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“சொல்லுங்கண்ணே, நல்லதுதான். ஆனா கொட்டாய ஓனர் வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டாரு. பொண்ணுக்கு டி.சி.யும் வாங்கியாச்சி.”

நவம்பர் 9, ஞாயிறு

அரியாங்குப்பம் பாலம். மாமா, அப்பா, பின்னால் நான்.

உதறல்: இல்லை.
நடுக்கம்: இல்லை.
முனகல்: இல்லை.
ரிவர்ஸ், சூட்டில்: ஒரே தள்ளில் விழுந்தது.
இறக்கத்தில் மூன்றாவது: நின்றது. நின்றது. நின்றது. நின்றது.

நான்காவது தடவை மாமா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சைக்கிள் டியூப்பை அப்பா வெட்டிப் போட்டார். மாலையில் ஸ்டாண்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னாராம், கோளாறு லூர்து மேல் இல்லை என்று. ஒருவர் “அதுக்கு இன்னாய்யா இப்ப, ஆளுதான் போறானே” என்றாராம்.

அட்டை வைத்தேன். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

அட்டையில் ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுகூட.

ரெ. வகுப்புக்கு வரவில்லை. பேர் அடித்தாகிவிட்டது. வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டி டீச்சர் நேராக அடுத்த பெயருக்குப் போனார். கடைசி பெஞ்சில் அவளுடைய சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று கிடந்தது. எடுக்கலாமா என்று யோசித்தேன். எதையும் எடுக்கப் பயமாக இருக்கிறது. அங்கேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

அவளுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அதில் இரண்டு பக்கம் கியர்பாக்ஸ் பற்றி. கிழித்தேன். மறுபடி எழுதினேன். ஒரு வரி. “செவ்வாய்க்கிழமையே வந்திருக்க வேண்டும்” என்று தொடங்கியது. அதற்கு அடுத்த வரி வரவில்லை.

செலின் அத்தையிடம் கொடுத்தேன், மடித்து. “குடுக்கிறேன்” என்றார்.

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

காலை லேசான தூறல். ஏழரைக்கு டெம்போ வந்தது. பீரோ, கட்டில், தையல் மெஷின், சாக்கு மூட்டைகள். மாதா படத்தை மாமா மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினார். அத்தையையும் ரெ.யையும் காரைக்கால்வரை கொண்டுபோய் விடுவதாக அப்பா சொல்லியிருந்தார். மாமா வேண்டாம் என்றார். அப்பா பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். மூடவில்லை. கடைசியில் அத்தை ஏறினார்.

நான் முன் சீட்டில். ரெ. எனக்கு நேர் பின்னால். அதனால் அவள் முகம் தெரியவில்லை. கால் மட்டும், திரும்பினால். செருப்புதான் போட்டிருந்தாள். கணுக்காலில் வட்டம் இன்னும் இருக்கிறது. சிவப்பு போய்க் கறுத்திருக்கிறது.

கடிதம் படித்தாளா என்று தெரியவில்லை.

அத்தை மட்டும் பேசிக்கொண்டு வந்தார். “எங்க கொடத்த கொழாயடியிலயே மறந்துட்டேன், உங்கம்மாவ எடுத்துக்கச் சொல்லு.” “கடலூர்ல மழ இருக்குமா?” “வண்டி நல்லாத்தான் போவுது.”

“நல்லா போவுதும்மா” என்றார் அப்பா.

பாலம் வந்தது. ஏறினோம். மூன்றாவது. உச்சியில் அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். என் கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்தது, முன்னால் தள்ளி, இறுக்கி.

“வுடும்மா. அதுவே நிக்கும்.”

விட்டேன்.

நின்றது. துடிப்புகூட இல்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அத்தையா, அவளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

கையை மடியில் வைத்தேன். பிறகு ஜன்னலில். பிறகு முழங்காலுக்கு அடியில். கடலூர், சிதம்பரம், சீர்காழி. காரைக்கால் வரும்வரை அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.